முதுமையடையும் கிராமமும் நமது சாகுபடியும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

ஒரு கிராமத்தின் நிலைமையை மதிப்பிடுங்கால் அதன் மண்வளம், நீர்ப்பாய்ச்சல் வசதி, கால்நடைகளின் தொகை, பக்கத்துச் சந்தையின் தூரம் ஆகியவற்றை விசாரித்து எழுதுவது நமது இலாகாவின் வழக்கம். அவ்வூரில் மண்வெட்டி பிடிப்போரின் வயது யாது என்று விசாரித்து எழுதுவது வழக்கமில்லை. இனி அதனையும் விசாரித்தாக வேண்டும்.

நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் அகப்படவில்லை என்பதே இந்நாளில் எந்த விவசாயக் கூட்டத்திலும் முதலில் எழும் முறையீடு. கூலி உயர்ந்துவிட்டதென்றும், வாலிபர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்களென்றும், சர்க்கார் நடத்தும் வேலைத் திட்டங்களால் ஆட்கள் வயலுக்கு வருவதில்லையென்றும் பலரும் பலவாறு காரணம் கூறுவர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இக்காரணங்கள் யாவும் நாளைக்கே நீங்கிவிட்டாலும், முப்பது வருஷங்களுக்கு முன்னிருந்த அளவு ஆட்கள் வயலுக்கு வரப்போவதில்லை. அவ்வளவு பேர் பிறக்கவேயில்லை.

பிறப்பின் கணக்கு

1992-93-ஆம் வருஷத்தில் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு முதன்முறையாக நடத்தப்பட்ட காலத்தில், தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் ஆயுளில் பெறும் குழந்தைகளின் சராசரி 2.5 என்று கண்டார்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் இது 1.8 ஆக இறங்கியிருந்தது. மத்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020-ல் 1.4 தான். தாய் தந்தையர் இருவரின் ஸ்தானத்தில் இருவர் வந்து ஜனத்தொகை நிலைபெற வேண்டுமாயின் இவ்வெண் 2.1 ஆக இருத்தல் வேண்டும். அந்த எல்லையை நாம் சென்ற நூற்றாண்டு முடியுந் தறுவாயிலேயே எட்டி, அதற்கும் கீழே இறங்கிவிட்டோம்.

இது ஒரு தீங்கினால் வந்ததன்று. 1971-ல் நமது ராஜ்யத்தில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 113 சிசுக்கள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 2020-ல் 13 தான் இறந்தன. நான்கு பெற்றால் இரண்டு தங்கும் என்று அஞ்சிய தாய்மார் இரண்டே பெற்று இரண்டையும் வளர்க்கின்றனர். பள்ளிகளில் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. படித்த பெண் காலந் தாழ்ந்து மணம் புரிகிறாள். ஒன்றிரண்டு மக்களோடு நிறுத்திக்கொள்கிறாள். நடவுக்குப் பெண்கள் வருவதில்லையென்று குறைப்படும் பிரபுக்கள், தமது சொந்த மகளைப் பத்தாவது வகுப்போடு நிறுத்தி நாற்றுப் பறிக்க அனுப்பச் சம்மதிப்பார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

பிறப்புக் குறையவும் ஆயுள் நீளவும், முதியோரின் விகிதம் ஏறுகிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணிதத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் 100-க்கு 10.4 பேராக இருந்தனர். 2021-ல் இது 13.6 என்றும், 2031-ல் 18.2 என்றும் மத்திய சர்க்காரின் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. இது பட்டணமும் கிராமமும் சேர்ந்த கணக்கு. வேலை தேடி வெளியேறுவோர் வாலிபர்களாகவும், ஊரிலேயே தங்குவோர் பெற்றோர்களாகவும் இருப்பதால், கிராமத்தின் நிலைமை இந்தச் சராசரியைக் காட்டிலும் கடுமையாகவே இருக்கும்.

2020-க்குப் பின்வந்த வருஷங்களில் டெல்டா ஜில்லாக்களில் வங்காளத்திலிருந்தும் பீஹாரிலிருந்தும் ஆட்கள் கூட்டமாக வந்து நடவு நட்டுச் செல்வதைப் பலரும் கண்டிருக்கிறோம். வேலையும் சுத்தம், கூலியும் ஒப்பந்தப்படி என்று மிராசுதார்கள் மகிழ்கின்றனர். ஆனால் மேற்சொன்ன 2019-21 கணக்கெடுப்பில் மேற்கு வங்காளத்தின் எண் 1.6. அதாவது நம்முடையதைவிடக் குறைவு. பீஹாரில் மட்டும் 3.0 இருந்தது, அங்கும் அது இறங்குமுகமே. ஆகவே இந்த உதவி சில வருஷங்களுக்கு நம்பத்தக்கதேயன்றி நிரந்தரமன்று.

அதிக மக்களைப் பெறவேண்டுமென்று மேடைகளில் சிலர் உபதேசிக்கத் தொடங்கியிருக்கின்றனர். அது குடும்பத்தார் தமக்குள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். விவசாயத்தைப் பொறுத்தமட்டில், இன்று பிறக்கும் குழந்தை வரப்பில் நிற்க இருபது வருஷங்கள் ஆகும். நின்றாலும் நிற்கலாம், நில்லாமலும் போகலாம். இன்று அறுபது வயதாகும் குடியானவருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

முன்னே சென்ற தேசம்

நாம் இனி அடையப்போகும் நிலைமையை நம்மைப் போன்றே நெல் விளைவிக்கும் ஒரு தேசம் ஏற்கனவே அடைந்திருக்கிறது. ஜப்பானின் பெயர் நமது குடியானவர்களுக்குப் புதிதன்று. ஜப்பானிய நெல் சாகுபடி முறை என்ற பெயரால் மேட்டு நாற்றங்காலும் வரிசை நடவும் 1953-ஆம் வருஷத்தையொட்டி நமது தேசமெங்கும் பிரசாரம் செய்யப்பட்டன. இன்று நம் வயல்களில் இறங்கும் நடவு இயந்திரங்களிற் பல குபோட்டா, யன்மார் என்னும் ஜப்பானியப் பெயர்களைத் தாங்கியவை. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் அத்தேசத்தில் நடந்த நிலச் சீர்திருத்தத்தால் உழுதவருக்கே நிலம் உரிமையாகி, ஒரு ஹெக்டேர் அளவுள்ள சிறு பண்ணைகளே எங்கும் நிறைந்தன. இவ்வகையிலும் அவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

அங்கே 1947-ல் ஒரு பெண்ணுக்கு 4.5 குழந்தைகள் என்றிருந்த சராசரி, பத்தே வருஷங்களில், அதாவது 1957-ல், 2.0 ஆக வீழ்ந்தது. 1949-ல் 27 லட்சம் குழந்தைகள் பிறந்த தேசத்தில் 2024-ல் பிறந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு. 2008-ல் உச்சத்தை அடைந்த ஜனத்தொகை அதன்பின் குறைந்துகொண்டே வருகிறது. விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டு பண்ணையில் வேலை செய்வோர் 2000-ல் 24 லட்சம் பேர், 2020-ல் 13.6 லட்சம் பேர். 2024-ல் 11 லட்சம் பேர். அவர்களுடைய சராசரி வயது 69. மற்ற உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த வயதில், அங்குள்ள சராசரிக் குடியானவர் சேற்றில் இறங்குகிறார்.

ஆள் இல்லாவிட்டால் இயந்திரம் வந்து காப்பாற்றும் என்று நம்மில் பலர் நம்புகின்றனர். ஜப்பானில் நெல் சாகுபடியின் சகல வேலைகளும் இயந்திரமயமாகி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. இருந்தும் 2015-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பில் 4 லட்சத்து 23 ஆயிரம் ஹெக்டேர் நிலம் சாகுபடியின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்ததாகக் கண்டார்கள். காரணத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இயந்திரமானது ஆளின் வேலையைச் செய்யும். ஆனால் எந்த வயலில் எப்போது இறங்குவது என்று தீர்மானிப்பதற்கும், மடையைப் பார்ப்பதற்கும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் முதுமையுற்று, அவர் மகன் டோக்கியோவில் இருந்தால், கொட்டகையில் நிற்கும் இயந்திரத்தால் ஆவதொன்றுமில்லை. மலைச்சரிவிலுள்ள படிக்கட்டு வயல்கள் முதலில் கைவிடப்பட்டன. அவற்றில் புதர் மண்டியதும் காட்டுப் பன்றியும் குரங்கும் மானும் இறங்கின. அவை பக்கத்து வயலை அழிக்கவே, அதன் சொந்தக்காரரும் மனந்தளர்ந்து விட்டுவிட்டார். தனியே தரிசாய்க் கிடக்கும் ஒரு வயல் அண்டை வயலையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டுப் பன்றித் தொல்லையுள்ள மலையடிவாரத்து ஊரார் எளிதில் உணர்வர்.

1991-ல் ஓனோ அகிரா என்னும் ஜப்பானிய அறிஞர், 65 வயது கடந்தோர் பாதிக்கு மேற்பட்ட கிராமங்களுக்கு ஒரு பெயர் வைத்தார். விளிம்பிற்கு வந்துவிட்ட கிராமம் என்பது அதன் கருத்து. அத்தகைய ஊரில் வாய்க்கால் தூர்வாருதல், பாதை செப்பனிடுதல், சாவு வாழ்வுகளில் ஒன்றுகூடுதல் ஆகிய பொதுக் காரியங்கள் நின்றுபோகும் நிலைமை உண்டாகிறது என்பது அவர் கண்டது. நமது குடிமராமத்தை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. வீட்டுக்கு ஓர் ஆள் என்பதே அதன் அஸ்திவாரம். அவ்வேலையைக் கட்டாயமாக்கி 1858-லேயே சட்டம் செய்தார்கள். ஆனால் வீட்டிலுள்ள ஓர் ஆளின் வயது எழுபதாக இருந்தால் சட்டம் என் செய்யும்?

இவை யாவற்றினும் நமக்குப் பாடமாகத்தக்கது வேறொன்று. ஜப்பானில் நிலத்தின் சொந்தக்காரர் இறந்தால் வாரிசு தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இல்லை. பதிவுக்குச் செலவுண்டு, நிலத்தாலோ வருமானமில்லை, ஆகவே பேரப்பிள்ளைகள் பாட்டனார் பெயரிலேயே விட்டுவிட்டனர். இப்படி மூன்று தலைமுறை கழிந்தபின், ஒரு சிறு துண்டு நிலத்திற்குப் பல ஊர்களில் சிதறிய பத்துப் பதினைந்து பங்காளிகள் உரிமையாளராயினர். அவர்களில் சிலர் இருக்குமிடமே தெரியாது. 2016-ஆம் வருஷ நிலவரப்படி இவ்வாறு உரிமையாளர் தெரியாத நிலம் சுமார் 41 லட்சம் ஹெக்டேர் என்று ஒரு குழு மதிப்பிட்டது. அது கியூஷு என்னும் பெருந்தீவின் பரப்பைவிட அதிகம். பக்கத்து வயலில் உழைக்க வலுவுள்ள வாலிபர் ஒருவர் குத்தகைக்கு எடுக்க விரும்பினாலும் யாரிடம் கேட்பது? முடிவில் 2024 ஏப்ரல் 1-ந் தேதி முதல், வாரிசு தனக்கு உரிமை வந்ததை அறிந்த 3 வருஷங்களுக்குள் பதிவு செய்தே தீரவேண்டுமென்றும், தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம் என்றும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய் முற்றியபின் கொடுத்த மருந்து அது.

அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 2000 முதல் மலைப்பாங்கான ஊர்களில் தொடர்ந்து சாகுபடி செய்வோருக்குச் சர்க்கார் நேரடியாகப் பணம் கொடுத்து வருகிறது. 2014-ல் ஒவ்வொரு மாகாணத்திலும் நில வங்கி ஒன்று ஏற்படுத்தி, முதியோரின் சிதறிய துண்டுகளை அவ்வங்கி குத்தகைக்கு வாங்கி, ஒன்றுசேர்த்து, சாகுபடி செய்ய வல்லவருக்கு மறுகுத்தகைக்கு விடுகிறது. ஊரார் கூடி இயந்திரங்களைப் பொதுவாக வாங்கி, எல்லோருடைய வயல்களையும் ஒரே பண்ணையாகப் பாவித்துச் சாகுபடி செய்யும் கிராமக் கூட்டு அமைப்புகள் சுமார் 14,000 இருக்கின்றன. இவற்றில் இந்தக் கடைசி ஏற்பாடே சிலாக்கியமானதென்பது என் அபிப்பிராயம். நிலம் அவரவர் பெயரிலேயே இருக்க, உழைப்பு மட்டும் பொதுவாகிறது. ஆனால் கூட்டின் அங்கத்தினர்களும் முதுமையடைந்து வருகின்றனர் என்பதையும் மறைக்கலாகாது. 2024-ஆம் வருஷக் கோடையில் ஜப்பானியக் கடைகளில் அரிசி தட்டுப்பட்டு, 2025-ல் விலை இரட்டிப்பாயிற்று. வெப்பத்தால் விளைச்சல் கெட்டதும், நெல் பரப்பைச் சர்க்காரே பல வருஷங்களாகக் குறைத்து வந்ததும் அதற்கு முக்கிய காரணங்கள். எனினும், விலை ஏறியவுடன் பரப்பைப் பெருக்குவதற்குக் கைகள் போதவில்லை.

பட்டாவும் வாரிசும்

நமது ராஜ்யத்தில் 1970-71-ல் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1.45 ஹெக்டேராக இருந்தது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பிள்ளைகள் குறைந்தால் பங்குகளும் குறைந்து, துண்டாடுதல் நின்றுவிடும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதித்தார். பாதி உண்மை. ஒரே மகன் தகப்பனார் வழியில் ஓர் ஊரில் ஒன்றரை ஏக்கரும், அவன் மனைவி தன் பிறந்த ஊரில் ஒரு ஏக்கரும் அடைவர். பெண் மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு 1989 முதல் நமது ராஜ்யத்திலும், 2005 முதல் தேசமெங்கும் சட்டப்படி உண்டு, அது நியாயமானதே. ஆனால் அவ்விருவரும் குடியிருப்பது மூன்றாவதான ஒரு பட்டணத்தில். இரண்டு நிலங்களையும் அவர்கள் கண்ணால் காண்பது பொங்கலுக்கும் சாவுக்கும் தான்.

இந்நிலையில் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்பது அற்ப விஷயமன்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்பட்ட பெயரே இன்றும் பட்டாவில் நிற்கும் குடும்பங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. அப்பெயருக்குரியவர் காலஞ்சென்றிருப்பார், மக்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து அனுபவித்து வருவர். அவர்கள் உயிரோடுள்ளவரை தகராறில்லை. அவர்களும் மறைந்து, பேரர்கள் பல ஊர்களில் இருக்கும்போதே தொல்லை தொடங்குகிறது. 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி விவசாயிகள் உதவித் தொகையாகிய வருஷத்திற்கு 6,000 ரூபாய், தன் பெயரில் நில ஆவணம் இல்லாத காரணத்தால் கிடைக்கவில்லையென்று முறையிட்டவர்கள் அநேகர். பயிர்க் கடனும் இன்ஷூரன்ஸும் அப்படியே.

மேலும் ஒரு விஷயம் கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது. 1980-ல் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்படுமுன், எந்த வீட்டின் பங்காளி யார், எந்தக் கல் யாருடைய எல்லை என்பதெல்லாம் பரம்பரைக் கர்ணத்தின் நினைவிலேயே இருந்தது. அம்முறையின் குற்றங்கள் பல; அது போனதற்கு வருந்துவாரில்லை. ஆனால் மாற்றலாகி வந்து போகும் கிராம நிர்வாக அதிகாரிக்கு அந்த நினைவு இல்லை. அது இப்போது எழுபதும் எண்பதும் கடந்த குடியானவர்களிடம் மட்டுமே இருக்கிறது. கூட்டுக் கிணற்றில் எந்த நாள் யாருடைய முறை, எந்த வரப்பின் வழியே யாருக்கு வண்டிப் பாதை, மடை நீர் எந்த வயலைத் தாண்டி எந்த வயலுக்குப் போகவேண்டும் என்பவை புலப்படத்தில் காணாதவை. நிலத்தை அனுபவிக்கப்போகும் மகனோ மகளோ ஊருக்கு வரும் நாளில், பெரியவர் அவர்களை அழைத்துச் சென்று கல்லுக்குக் கல் காட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது ஒரு நாள் வேலை. செய்யாவிட்டால் பத்து வருஷத்து சிவில் வழக்கு.

உயிரோடிருக்கும்போதே நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கவனியாமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் முதியோரைத் தடுக்கிறது. அது வீண் அச்சமன்று, கண்டிருக்கிறோம். ஆனால் இதற்கு வழியுண்டு. தான செட்டில்மெண்டு எழுதும்போது ஆயுட்கால அனுபவ பாத்தியத்தைத் தமக்கே நிறுத்திக்கொள்ளலாம். தவிர, 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அந்த மாற்றத்தை ரத்து செய்ய இடமளிக்கிறது. ஆகவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் செய்தல் வேண்டும். பத்திர எழுத்தர் வழக்கமான வாசகம் போதும் என்று சொன்னாலும் விடலாகாது.

குத்தகை விஷயத்தில் சொந்தக்காரரின் அச்சம் வேறு வகையானது. எழுத்து மூலம் குத்தகைக்கு விட்டால், 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிலம் திரும்பாது என்று எண்ணி, பலர் வாய்மொழிக் குத்தகையிலேயே விடுகின்றனர்; சிலர் அதற்கும் துணியாமல் தரிசாகவே போட்டுவைக்கின்றனர். உழுபவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமையால் வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நிவாரணம் பட்டாதாரருக்குப் போகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் பட்டாதாரரின் தயவை நாடவேண்டியிருக்கிறது. உழைக்க வல்ல நாற்பது வயதுக் குடியானவர் ஊரில் இருவரே இருப்பார். அவர்களையும் இப்படி அலைக்கழித்தால் அவர்களும் போய்விடுவர். வாய்மொழிக் குத்தகையை ஒரு தாளில் எழுதிக்கொள்வதும், அடங்கலில் சாகுபடி செய்பவரின் பெயரை உள்ளபடி எழுதுவதும் இரு தரப்புக்கும் அனுகூலமே.

வயதிற்கேற்ற சாகுபடி

வேலையாட்களின் தொகையைக் குறைப்பதோடு, வேலையின் பளுவையும் குறைக்கும் முறைகளையே இனி நாம் பிரதானமாகக் கொள்ளவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கோனோ களையெடுக்கும் கருவி ஆட்களைக் குறைக்கிறது. ஆனால் சேற்றில் அதை முன்னும் பின்னும் தள்ளுவது அறுபது வயதுக்காரரின் முதுகுக்கு ஒவ்வாது. அவ்வயதினர் அதனை வாலிபர் ஒருவருக்குக் கூலி கொடுத்து ஓட்டச் செய்யலாம், அல்லது இயந்திரக் களைக்கருவியை வாடகைக்குப் பெறலாம்.

முதியோருக்கு மிகவும் இசைந்த வேலை பாய் நாற்றங்கால். கை நடவுக்கு ஏக்கருக்குப் பதினைந்து முதல் இருபது ஆட்கள் தேவைப்படும் இடத்தில், நடவு இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கிறது என்பதை எல்லோரும் அறிவர். அவ்வியந்திரத்திற்கு வேண்டிய நாற்று, பிளாஸ்டிக் தாளின் மீது மெல்லிய மண்பரப்பில் வளர்க்கப்படுவது. ஓர் ஏக்கருக்கு ஒரு செண்டு நாற்றங்கால் போதும். வீட்டுக் கொல்லையிலோ கிணற்றடியிலோ போட்டுக்கொள்ளலாம். பூவாளியால் நீர் தெளிப்பதும், வைக்கோல் மூடாக்கை நீக்குவதும், பறவைகளை ஓட்டுவதுமே வேலை. 14 அல்லது 15 நாட்களில் நாற்று பாயாகச் சுருட்டும் பதம் அடைகிறது. குனிந்து நடமுடியாத கணவனும் மனைவியும் பத்து ஏக்கருக்கு வேண்டிய பாய் நாற்றைத் தயாரித்து விற்கலாம். நடவு வயல் நன்கு மட்டமாக இருப்பதும், சேறு ஓரிரு நாள் படிந்திருப்பதும் இயந்திர நடவுக்கு இன்றியமையாதன. இந்த இரண்டில் குறைவைத்துவிட்டு இயந்திரத்தைப் பழிக்கின்றனர்.

நடவையே விட்டு, முளைகட்டிய விதையை உருளை விதைப்பான் கொண்டு நேரே சேற்று வயலில் விதைக்கலாம். கருவி இலேசானது, எட்டு வரிசைகள் ஒரே இழுப்பில் விழும். ஆனால் நீர் தேங்கி நில்லாத முதல் நாட்களில் களை மிகுதியாகும். அதற்குக் களைக்கொல்லி தெளிக்க முதியவர் தாமே கைத்தெளிப்பானைச் சுமந்து செல்வது ஆபத்து. காற்றுக்கு எதிரே நின்று தெளித்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

நிலத்தைப் பார்க்க ஆளில்லையென்று நஞ்சையில் தென்னையும் சவுக்கும் வைப்பது பரவி வருகிறது. புஞ்சையிலும் மேட்டு நிலத்திலும் மரப்பயிரை நான் தடுக்கமாட்டேன். இருபோகம் விளையும் ஆற்றுப் பாசன வயலில் சவுக்கு வைப்பது பாதி கைவிடுதலேயாகும். வேரும் நிழலும் அண்டை வயலைப் பாதிக்க, மடை முறையும் குலைகிறது. தென்னையோ, நட்ட காலத்தில் வேலையற்ற பயிராகத் தோன்றும். மரம் ஓங்கியபின் ஏறுவதற்கு ஆள் எங்கே? புதிதாக வைப்போர் குட்டை ரகங்களையோ, குட்டை நெட்டை வீரிய ஒட்டு ரகங்களையோ தேர்ந்துகொள்வது நலம்.

மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து இரவில் மோட்டார் போடச் செல்லும் வயோதிகரைப் பாம்பு தீண்டுவது ஒவ்வொரு வருஷமும் கேட்கும் செய்தி. மகன் வாங்கித் தரும் பொருட்களில் கைபேசியால் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரைப் போன்று பயனுள்ளது வேறில்லை. அதற்கு மானியமும் உண்டு. விவசாயப் பொறியியல் இலாகாவில் விசாரிக்கலாம். டிராக்டர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் முதலியவற்றை வாடகைக்குக் கேட்கவும் அதே இலாகாவையும், அருகிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தையும் நாடலாம். தனித்தனியே ஒவ்வொருவரும் கேட்டால் இயந்திரம் அரை ஏக்கருக்காக வராது. ஒரு மடையின் கீழுள்ள பத்துப் பேர் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நடவு செய்ய ஒப்பினால் வரும். ஜப்பானியர் கிராமக் கூட்டு என்று பெரிதாகச் செய்ததை நாம் இந்த அளவிலேனும் தொடங்கலாம்.

இவ்வருஷத்து ஜமாபந்தி வழக்கம்போல் பசலி முடிவதையொட்டித் தாலுக்கா ஆபீஸ்களில் நடைபெறும். பட்டாவில் காலஞ்சென்றவர் பெயர் உள்ள குடும்பத்தார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூல பத்திரம் அல்லது அதன் நகல், வரி ரசீது ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டு அன்று மனுச் செய்யலாம். வாரிசுச் சான்று பெற நாளாகுமாகையால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பாகம் பிரிந்த நிலமாயின் உட்பிரிவு அளவைக்குத் தனியே கட்டணம் செலுத்தி, அளவை நாளன்று அண்டை நிலத்தாரையும் உடன் வைத்துக்கொள்வது அவசியம். கிராம நிர்வாக அதிகாரிகள் தங்கள் பட்டா ஏட்டை ஒருமுறை புரட்டி, இறந்தோர் பெயர்களுக்கு நேரே பென்சிலால் குறியிட்டு, அந்தந்தக் குடும்பத்தாருக்குச் சொல்லியனுப்பினால், ஜமாபந்திக்கு முன்னதாகவே வேலையில் பாதி முடிந்திருக்கும்.